பூச்சு அடிக்கும் முன் சுவரைப் பாருங்கள்: தெஹிவளை அனெக்ஸ் ஒன்றில் நடந்த ஏமாற்று

தெஹிவளையில் ஒரு வீட்டுக்காரர் வாடகைக்கு விடவென்று பின்வளவில் அனெக்ஸ் கட்டுவித்தார். பொருளும் கூலியும் சேர்த்து, சதுர அடிக் கணக்கில் கொந்தராத்து. ஒரு மழைக்காலம் போனதும் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்ந்தது. ஜன்னல் மூலைகளில் சாய்வாக வெடிப்பு. கொந்தராத்துக்காரர் இப்போது போன் எடுப்பதில்லை.

பூச்சை உடைத்துப் பார்த்தால், அத்திவாரத்துக்கு மேல் டிபிசியே, அதாவது நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் படையே, இல்லை. 1:2 கலவையில் (ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல்) முக்கால் அங்குலம் போட்டு, காய்ந்தபின் இரண்டு தரம் தார் பூசியிருக்க வேண்டும். அதில்லாமல் நிலத்து ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு சுவரில் ஏறியிருக்கிறது. ஆணியால் கீறினால் கலவை மணலாகக் கொட்டுகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான நிலைக்குத்து மூட்டுகளில் வெளிவாயை மட்டும் கரண்டியால் தடவியிருக்கிறார்கள், உள்ளே வெறும் பொந்து. ஜன்னலுக்கு மேலே குறுக்காகப் போடும் லின்டல் சுவரில் உட்கார்ந்திருப்பது இரண்டு அங்குலம்தான். இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலமாவது வேண்டும். மூலை வெடித்ததற்குக் காரணம் அதுதான்.

இவை எல்லாமே பூச்சுக்குள் மறையக்கூடியவை. அதனால்தான் சொல்கிறோம்: வெறுஞ்சுவரை நீங்களே பார்க்கும்வரை பூச்சுக்கு விடாதீர்கள், அந்தக் கட்டத்துக்கான காசையும் கொடுக்காதீர்கள். இருட்டுகிற நேரம் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் நின்று பாருங்கள். வெளிச்சம் தெரிகிற மூட்டெல்லாம் திரும்ப நிரப்ப வேண்டியவை.

சீமெந்து களவுபோவது கலக்கும் இடத்தில். 1:5 என்று எழுதிவிட்டு வீல்பரோவில் குவித்துப் போட்டால் அது 1:8 ஆகிவிடும். 50 கிலோ பை ஒன்று ஏறக்குறைய 1.25 கன அடி. 12க்கு 12, உயரம் 15 அங்குலத்தில் அடியில்லாத பலகைப் பெட்டி ஒன்று அடிப்பியுங்கள். பைக்கு ஐந்து பெட்டி மணல், மேலே வழித்து. வெறும் பைகளை எறியவிடாமல் எண்ணி வையுங்கள்: 1:5 கலவையில் ஐந்தெட்டு அங்குலப் பூச்சு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு பை பிடிக்கும். காலையில் குழைத்து மீந்ததை மத்தியானம் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் கொட்டச் சொல்லுங்கள். இறுகத் தொடங்கிய சீமெந்துக்குத் திரும்பப் பலம் வராது.

மணலில் இரண்டு விதமாக ஏய்ப்பார்கள். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. டிப்பர் கொட்டுமுன் நீள அகல உயரத்தை அளங்கள். ஈரமணல் கால்பங்கு வரை பெருத்துக் காட்டும், அதையும் கணக்கில் எடுங்கள். மற்றது, கழுவாத கடல் மணலைக் கழுவியதென்று தள்ளுவது. அது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சுவரில் உப்புப் பூக்கும். கண்ணாடிப் போத்தலில் மணலும் தண்ணீரும் குலுக்கி மூன்று மணித்தியாலம் விட்டால் சேறு மேலே படியும். மணல் படையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் தடித்திருந்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள்.

கல் கணக்கு: 390க்கு 190 மில்லிமீற்றர் முகமுள்ள சீமெந்துக் கல் 100 சதுர அடிக்கு 116, உடைசலோடு 122. கதவு, ஜன்னல் கழிக்காமல் பில் போடுவது வழமை. 3க்கு 7 அடிக் கதவு ஒன்றுக்கே இருபக்கப் பூச்சில் 42 சதுர அடி போகிறது.

அந்த அனெக்ஸில் இனி மூன்றடி மூன்றடியாக அடிவரிசைக் கல்லைக் கழற்றித்தான் டிபிசி செருகலாம். ஒரு துண்டை மூடி, கலவை நன்றாக இறுகிய பிறகே பக்கத்துத் துண்டைத் தொட வேண்டும். ஒரே நாளில் முழுச்சுவரையும் கழற்றித் தருகிறேன் என்று வரும் மேசன் பாஸை உள்ளே விடாதீர்கள், சுவர் இறங்கிவிடும்.