ஒட்டுப்பால் திருடியவனுக்குச் சிறையா, சமூக சேவையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் மழை விடாமல் பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அப்போதுதான் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டும் சாக்கில் கட்டிய ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) காணாமல் போகின்றன. பிடிபட்டவனை என்ன செய்வது?

சிறைக்கு அனுப்பினால் தோட்டக்காரருக்கு ஆறுதல். அவர் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். அரை ஏக்கர்காரருக்குப் பத்து ஷீட் என்பது வீட்டு மளிகைச் செலவு. ஆனால் உள்ளே போனவன் பெரிய திருடர்களோடு பழகித் திரும்புவான். பிறகு எந்தத் தோட்டத்தில் அவனை வேலைக்குச் சேர்ப்பார்கள்?

இன்னொரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 303ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. குளக்கரையைச் சுத்தம் செய்யட்டும், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கட்டும். ஊர் பார்க்கச் செய்வதில் வெட்கமும் உண்டு, பிழைப்பும் கெடாது. என் ஓட்டு இதற்கே.

மறுபடியும் திருடித் தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல். அங்கே என் இரக்கமும் முடிந்தது. மரத்தில் கட்டிவைத்து அடித்து செல்போனில் படம்பிடிப்பதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அது தனிக் குற்றம்.