முட்டுச்சந்து மனையா, ஊடால போற தெரு மனையா?

புது லேஅவுட்ல மனை பாக்குறவங்க பாதி பேர் இதுலதான் குழம்புறாங்க, அதான் எழுதுறேன்.

வண்டி தொல்லை: முட்டுச்சந்துல அந்தத் தெருக்காரங்க வண்டி மட்டும்தான் வரும், பசங்க ரோட்டுலயே பந்து விளையாடலாம். ஊடால போற தெருவுல குறுக்கு வழி தேடுறவன் எல்லாம் பூந்துடுவான், வேகத்தடை போட்டாதான் கொஞ்சம் அடங்குவான்.

நடை: இதுல முட்டுச்சந்து சுத்தமா அவுட்டு. பின்பக்க வீடு கண்ணுக்கு முன்னாடி நிக்கும், காம்பவுண்ட் சுவரைத் தாண்ட முடியாம மெயின் ரோடு போய் சுத்தி வரணும். 1929ல அமெரிக்காவுல ராட்பர்ன்னு ஒரு குடியிருப்பு முட்டுச்சந்தாவே போட்டாங்க, ஆனா பின்னாடி நடைபாதை விட்டு எல்லாத்தையும் இணைச்சுட்டாங்க. அப்புறம் காப்பி அடிச்சவங்க நிறைய பேர் நடைபாதையை மட்டும் போடாம விட்டுட்டாங்க!

அவசரம்: முட்டுச்சந்து வாயில ஒரு மரம் விழுந்தா உள்ள இருக்கிறவன் மாட்டுனான். ஊடால போற தெருவுக்கு இன்னொரு வழி இருக்கும். சர்வதேச தீயணைப்பு விதித்தொகுப்புல (International Fire Code, அமெரிக்காவுல பெரும்பாலும் பின்பற்றுறது) 150 அடிக்கு மேல நீளமான முட்டுத்தெருன்னா வண்டி திரும்ப இடம் விடணும்னு இருக்கு, வட்டமா விட்டா 96 அடி விட்டம், அதனால மனை பாக்கும்போது தெரு முனையில நின்னு குப்பை லாரி திரும்புமான்னு யோசிங்க, இல்லன்னா தினமும் ரிவர்ஸ் ஹார்ன்தான்.

தண்ணி: முட்டுல முடியுற பைப்புல தண்ணி தேங்கும், அப்பப்போ திறந்து விடணும்.

சின்னப் பசங்க இருந்தா, நடைபாதை இணைப்பு உள்ள முட்டுச்சந்து எடுங்க. வயசானவங்க, வண்டி ஓட்டாதவங்க, கடை வைக்கிறவங்கன்னா ஊடால போற தெருவேதான்.