விமானத்துக்கு சைக்கிள் பேக் செய்யக் கடையில் கொடுக்கிறீர்களா? என் 26,400 ரூபாய் போனது இப்படித்தான்

லடாக் பக்கம் சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். நேற்றுதான் சென்னை திரும்பினேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

டெல்லி வழியாக லே போய், அங்கிருந்து கர்துங் லா கணவாய் ஏறுவதாகத் திட்டம். சைக்கிளைப் பெட்டியில் கட்ட, நகரத்தில் பெயர் வாங்கிய ஒரு சைக்கிள் கடையில் கொடுத்தேன். விலை உயர்ந்த சைக்கிள்களாக விற்கிற, ஏசி போட்ட கடை. பேக்கிங்குக்கு மட்டும் 3,500 ரூபாய். பின் கியரை மாற்றும் டீரெய்லரைக் கழற்றுவீர்களா, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கு நடுவில், அது நசுங்காமல் தாங்கும் ஸ்பேசர் வைப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே போனை எடுத்து, அவர்கள் கட்டி அனுப்பிய பெட்டிகளின் படங்களைக் காட்டினார். "அயர்ன்மேன் போட்டிக்குப் போறவங்களே நம்மகிட்டதான் குடுக்கிறாங்க ப்ரோ. நீங்க கவலைப்படாம ஃப்ளைட் ஏறுங்க" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் நம்பினேன். மறுநாள் போனபோது பெட்டி முழுக்க டேப் சுற்றியிருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். "பிரிச்சா அட்டை வீக் ஆயிடும் ப்ரோ, உள்ளே எல்லாம் பக்கா" என்றார்.

லேயில் பிரித்தேன். டீரெய்லரைக் கழற்றவே இல்லை. அதை சைக்கிள் சட்டத்தோடு (ஃப்ரேம்) பிடித்திருக்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்து, டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய் நசுங்கிக் கிடந்தது. ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவில் எதுவும் இல்லை. பிரேக் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க் ரோட்டர் கோணல். பிரேக் பேட்களுக்கு இடையில் ஒரு துண்டு அட்டைகூட வைக்காததால், லீவர் அமுங்கிப் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. கழற்றிய பெடல்களைச் சுற்றாமல் அப்படியே உள்ளே போட்டிருந்தார்கள். அவை உருண்டு பெயின்ட்டை எல்லாம் சுரண்டியிருந்தன.

இதில் எனக்குத் தாங்க முடியாதது அந்த ஸ்பேசர். புது சைக்கிள் கம்பெனியிலிருந்து பெட்டியில் வரும்போதே ஃபோர்க்கில் பிளாஸ்டிக் ஸ்பேசர் இருக்கும், சட்டத்தைச் சுற்றி ஃபோம் இருக்கும். கடைக்காரர்கள் அதைத்தான் தினமும் குப்பையில் போடுகிறார்கள். காசே செலவில்லாத அந்தத் துண்டை வைக்கக்கூட மனம் வரவில்லை!

ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு. என் சைக்கிளுக்கானது லேயில் கிடைக்கவில்லை. வாடகை சைக்கிளுக்கு 12,000, திரும்பி வந்து டீரெய்லரும் ஹேங்கரும் மாற்ற 9,200, ரோட்டருக்கு 1,700, அவர்களுக்குக் கொடுத்த 3,500. மொத்தம் 26,400 ரூபாய்.

லேயிலிருந்தே படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. போன் செய்தால் "ஓனர் ஊர்ல இல்ல சார்". அப்புறம் ஓனரே எடுத்து, "ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டிருப்பாங்க, நாங்க என்ன பண்றது?" என்றார். தூக்கிப் போடுவார்கள் என்று தெரிந்துதானே 3,500 கொடுத்துக் கட்டச் சொல்கிறோம்! கழற்றாத டீரெய்லரை ஏர்போர்ட்காரரா திரும்ப மாட்டினார்? கடைசியில் "பில் இருக்கா?" என்று கேட்டார். ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு பில் தராதது அவர்தான். அடுத்த சர்வீஸில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறாராம். 26,400 ரூபாய்க்கு அதுதான் ஈடு. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். விமான நிறுவனமோ, செக்-இன் கவுன்டரில் என்னிடம் கையெழுத்து வாங்கிய, உடைந்தால் பொறுப்பில்லை என்ற சீட்டைக் காட்டியது.

எப்படிப் பேக் செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். பெட்டியை ஒட்டுவதற்கு முன் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், உள்ளே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். டீரெய்லரைக் கழற்றிச் சுற்றி, சட்டத்துக்கு உள்பக்கமாகக் கட்டியிருக்க வேண்டும். ஃபோர்க், பிரேக் பேட் இரண்டிலும் ஸ்பேசர். கூடுதல் ஹேங்கர் ஒன்று கையில் இருக்கட்டும். இறங்கியதும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெட்டியைப் பிரித்துப் பார்த்து, சேதம் இருந்தால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள். பில் தராத கடையில் கொடுக்காதீர்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன்.