"இப்பவே ஸ்டென்ட் வைக்கணும்" என்றால் கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். பல மாதமாக இதே நிலையில் இருந்த 61 வயதுக்காரரை ஒரு தனியார் மருத்துவமனையில் "ஆஞ்சியோ மட்டும்தான்" (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் சோதனை) என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் மகனை அழைத்து, "80 சதவீதம் அடைப்பு, எப்ப வேணா அட்டாக் வரும்" என்று கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்), மூன்றரை லட்சம்.

மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும்; அங்கே யோசிக்க நேரமே இல்லை. இவருக்கு இருந்ததுபோல், உழைத்தால் மட்டும் வந்து, கூடாமல் குறையாமல் நிற்கும் நெஞ்சுவலி (ஆஞ்சைனா) வேறு. 2007-இல் வந்த கரேஜ் ஆய்வும், 5,179 பேரைச் சேர்த்து 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும், இப்படிப்பட்ட வலி உள்ளவர்களுக்கு நல்ல மருந்தோடு ஸ்டென்டும் சேர்த்ததால் சாவு குறையவில்லை என்றே காட்டின. வலி குறையும், அது உண்மை. மருந்துக்கு அடங்காத வலி என்றால் வைத்துக்கொள்ளலாம். இடது பிரதானக் குழாய் அடைப்பும், இதயத்தின் பம்பிங் திறன் மிகக் குறைந்தவர்களும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். சர்க்கரையோடு பல குழாய் அடைப்பு இருந்தால் பைபாஸ்தான் மேல் என்று 2012-இலேயே ஃப்ரீடம் ஆய்வு காட்டிவிட்டது. அவர்களுக்கு மூன்று நான்கு ஸ்டென்ட் வைப்பது காசுக்கும் கேடு.

அந்த பில்லில் "கார்டியாக் கன்ஸ்யூமபிள்ஸ்" (இதய சிகிச்சைக்குச் செலவான பொருட்கள்) என்று ஒரே வரி. அங்கேதான் சூது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. பிறகு அவ்வப்போது மாற்றப்படுகிறது. பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண்ணோடு ஸ்டென்டைத் தனியாக பில்லில் காட்டியாக வேண்டும். ஸ்டென்டை உள்ளே கொண்டுபோய் விரிக்கப் பயன்படும் பலூன், கைட் வயர் (கம்பி), கதீட்டருக்கு (மெல்லிய குழாய்) அந்த வரம்பு இல்லை. ஆகவே லாபம் அங்கே இடம்பெயர்ந்தது. ஒருவருக்குப் போட்ட பலூனைக் கழுவி இன்னொருவருக்குப் போட்டுவிட்டுப் புது விலை எழுதுவதும் நடக்கிறது. காலி உறைகளையும் ஸ்டிக்கர்களையும் கேட்டு வாங்குங்கள்.

அவசரம் இல்லாத ஆஞ்சியோ என்றால், ஒப்புதல் படிவத்தில் "ஆஞ்சியோகிராம் மட்டும்" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஆஞ்சியோ பதிவான சிடியை (வட்டு) வாங்கிக்கொண்டு, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டுங்கள். அடைப்பு நடுத்தரமாக இருந்தால் எஃப்.எஃப்.ஆர். அளவைக் (அடைப்பு ரத்த ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்) கேளுங்கள், 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவையில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சேர்த்துவிட்டு மேல்தொகை கேட்டால் ரசீது கேளுங்கள், திட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

ஏற்கெனவே வைத்தாகிவிட்டதா? கோபத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். பாதியில் விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையலாம். பல் பிடுங்கக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.