லங்காவியில் கார் வாடகைக்கு எடுக்கிறவர்களே, உண்மையான ஃபெர்ரி நேரத்தைச் சொல்லாதீர்கள்

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலர் லங்காவி தீவுக்குப் போகிறீர்கள். போன மாதம் நாங்களும் போனோம். மனைவி, எட்டு வயது மகள், நான். 800 ரிங்கிட் போய்விட்டது. உங்களுக்கும் போய்விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கோல பெர்லிஸில் எங்கள் காரை நிறுத்திவிட்டு ஃபெர்ரி ஏறினோம். லங்காவியின் குவா படகுத்துறையில் இறங்கியபோது நல்ல மழை. வாடகைக் கார் ஆட்கள் வழியிலேயே மறித்தார்கள். அதில் ஒருவர் சாம்பல் நிற மைவி கார் ஒன்றைக் காட்டி, இரண்டு நாளுக்கு 240 ரிங்கிட், முன்பணம் 300 என்றார். மற்றவர்களைவிடக் குறைவு. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். கொடுத்திருக்கவே கூடாது. வண்டிக்குப் பிணையாக எவரும் அதைக் கேட்கக் கூடாது, நாமும் தரக் கூடாது. மகள் நனைகிறாளே என்ற அவசரத்தில் கொடுத்துவிட்டேன். மலாயில் அச்சிட்ட தாளில் கையெழுத்தும் போட்டேன். "நாளைக்கு எத்தனை மணி ஃபெர்ரி?" என்று அக்கறையாகக் கேட்டார். ஐந்தேகால் என்றேன்.

வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் இல்லை. ஆனால் நனைந்த பெயின்ட்டில் மெல்லிய கீறல் கண்ணுக்குப் படாது. தண்ணீர் காய்ந்த பிறகுதான் வெள்ளைக் கோடாகத் தெரியும். இது எனக்கு அன்று தோன்றவில்லை.

தீவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வடக்கே தஞ்சோங் ரூ கடற்கரை, மேற்கே தெலாகா துஜோ அருவி, ராத்திரி பந்தாய் செனாங் கடற்கரை. மறுநாள் காலை 881 மீட்டர் உயரமுள்ள குனோங் ராயா மலைக்கு ஏறினோம். சாலையில் எருமைகள் நிற்கும், குரங்குகள் குறுக்கே ஓடும் என்பதால் பெரும்பாலும் அறுபதைத் தாண்டவில்லை. எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு வண்டியை ஒப்படைப்பதாகப் பேச்சு. நாங்கள் நாலு மணிக்கே படகுத்துறையில் நின்றோம். அவர் வந்தது நாலே முக்காலுக்கு. வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக முன் பம்பரின் இடது அடிப்பக்கத்தில் குனிந்து, போன் விளக்கை அடித்தார். விரல் நீளத்துக்கு ஒரு கீறல். "இது புதுசு" என்றார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

பம்பர் மாற்ற வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், மூன்று நாள் வண்டியை வாடகைக்கு விட முடியாது. எல்லாம் சேர்த்து 1,100 ரிங்கிட். முன்பணம் போக இன்னும் 800 கேட்டார். போலீசுக்குப் போகலாம் என்றேன். "போகலாமே, ஆனா உங்க ஃபெர்ரி போயிடும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என் பாஸ்போர்ட் அவர் கைப்பையில். மனைவி மூட்டைகளோடு ஃபெர்ரி வாசலைப் பார்க்கிறாள். மறுநாள் காலை எனக்கு ஆபீஸ், மகளுக்குப் பள்ளி. பேரம் பேசி 500-க்கு இறங்கினார். போன் வழியே பணம் அனுப்பும் டூயிட்நவ்வில் அனுப்பினேன். பாஸ்போர்ட் வந்தது, 300 முன்பணம் வரவில்லை. பணம் போன கணக்கு கடையின் பெயரில் இல்லை, தனியாள் ஒருவர் பெயரில் இருந்தது.

ஃபெர்ரியில் மகள் கேட்டாள்: "நீங்க இடிக்கலேன்னு சொன்னீங்கல்ல? அப்புறம் ஏம்ப்பா காசு குடுத்தீங்க?"

பதில் சொல்லத் தெரியாமல் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, வண்டி எடுத்துப் பத்தே நிமிடத்தில் கழுகுச் சிலைச் சதுக்கத்தில் எடுத்த படம் வந்தது. மழை விட்டு வெயில் அடித்திருந்தது. மகள் பம்பர் மேல் சாய்ந்து நிற்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் அதே கீறல்.

ஊருக்கு வந்து பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "அது சொந்த காடியா இருக்கும் தம்பி. லைசென்ஸ் இல்லாம வாடகைக்கு விடுவானுங்க. ஆக்சிடென்ட் ஆயிருந்தா இன்சூரன்ஸ்காரன் ஒரு வெள்ளி தரமாட்டான்" என்றார். இங்கே காடி என்றால் கார், வெள்ளி என்றால் ரிங்கிட். 800 ரிங்கிட் போனதைவிட இதுதான் என்னை உலுக்கியது. மகளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த வண்டியில்தான் மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

போகிறவர்கள் தயவுசெய்து வாடகைக்கு விட உரிமம் உண்டா, காப்பீடு வாடகை ஓட்டத்துக்குச் செல்லுமா என்று தாளில் காட்டச் சொல்லுங்கள். மழை பெய்தால் கூரைக்கடியில் வண்டியைத் துடைக்கச் சொல்லி, அவர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். பம்பரின் அடிப்பக்கம், சக்கர வளையம், கண்ணாடி, பெட்ரோல் முள் எதையும் விடாதீர்கள். பாஸ்போர்ட்டின் நகல் போதும், அசல் வேண்டாம். ஃபெர்ரி நேரம் கேட்டால் இரண்டு மணி நேரம் முன்னதாகச் சொல்லுங்கள்.

மலேசியாவில் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். அந்தப் படத்தையும் டூயிட்நவ் ரசீதையும் வைத்து மனு கொடுத்திருக்கிறேன். மனு எழுதும்போது மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். விசாரணைத் தேதி வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.