முழுக்க கிளாரா ஷூமனுக்காகவே ஒரு ஆல்பம்: 'ரொமான்ஸ்', ஐசடா கானே-மேசன்

கிளாரா 1800கள்ல வாழ்ந்த ஜெர்மன் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், அவங்க இசைய இந்த ஆல்பத்துல பியானோல வாசிக்கறது ஐசடா. மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இத ஷஃபிள்ல போட்டு கேக்காதீங்க. இதுல ஏ மைனர்ங்கற ஸ்கேல்ல ஒரு பியானோ கன்செர்ட்டோ இருக்கு, அதாவது ஆர்கெஸ்ட்ராவோட சேந்து பியானோ வாசிக்கற பெரிய படைப்பு, அதோட மூணு பகுதியும் நடுவுல நிக்காம ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். நான் மொத தடவ ஃபோன்ல ஒரு ஆப்ல கேட்டப்ப மொத பகுதி முடியற எடத்துல சரியா ஒரு செகண்ட் கட் ஆச்சு, நல்லா பேசிட்டு இருக்கறப்ப லைன் போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் சிடி வாங்கி கேட்டேன், அப்பதான் முழுசா புரிஞ்சுது.

ஆல்பம் 2019ல டெக்காங்கற ரெக்கார்ட் கம்பெனி போட்டது, கிளாரா பிறந்து 200 வருஷம் ஆன வருஷம். ஐசடா நாட்டிங்ஹாம்காரங்க, இதுதான் அவங்க மொத ஆல்பம். மொத ஆல்பத்துக்கு எல்லாரும் ஷோபன், லிஸ்ட் மாதிரி பிரபலமான இசையமைப்பாளர்கள்னுதான் போவாங்க, இவங்க முழுக்க கிளாராவ எடுத்துருக்காங்க, அந்த தைரியம் எனக்கு ரொம்ப புடிச்சுருக்கு. கூட வாசிக்கறது ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, நடத்தறது ஹோலி மேத்திசன்.

கிளாராவ எங்க பாத்தாலும் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனோட மனைவின்னுதான் அறிமுகம் பண்ணுவாங்க. ஆனா இந்த கன்செர்ட்டோ எழுதறப்ப அவங்களுக்கு கல்யாணமே ஆகல, கிளாரா வீக்ங்கற சின்ன பொண்ணு, 13 வயசுல ஆரம்பிச்சு 16 வயசுல லைப்ஸிக் ஊர்ல கெவாண்ட்ஹவுஸ்ங்கற கச்சேரி அரங்கத்துல தானே வாசிச்சாங்க, 1835 நவம்பர், அன்னிக்கு ஆர்கெஸ்ட்ராவ நடத்துனது பெரிய இசையமைப்பாளர் மெண்டல்ஸான். கடைசி பகுதிக்கு ஆர்கெஸ்ட்ரா அமைக்க ராபர்ட் உதவி பண்ணுனது உண்மைதான். ஆனா நீங்க ரெண்டாவது பகுதிய கேளுங்க. ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் வாயடைச்சு உக்காந்துருக்கும், பியானோ மட்டும் தனியா பாடும், கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே ஒரு செல்லோ, வயலின விட பெரிய, கனமான குரல் உள்ள வாத்தியம், வந்து சேந்துக்கும், கடைசில டிம்பனிங்கற பெரிய மேளம் ரொம்ப மெதுவா உருளும், அவ்ளோதான். பதினஞ்சு பதினாறு வயசுல ஒரு பொண்ணுக்கு இத்தன பேர சும்மா உக்கார வைக்கணும்னு தோணிருக்கே! ஐசடா இத இழுக்காம, அழுவாச்சியா ஆக்காம, பேசற மாதிரி வாசிக்கறாங்க. மொத பகுதில ஆர்கெஸ்ட்ரா எனக்கு கொஞ்சம் கனமா இருந்துச்சு, அது ஒண்ணுதான் குறை.

அடுத்து ஓபஸ் 11 (ஓபஸ்னா படைப்போட வரிசை எண்), மூணு ரொமான்ஸ், அதாவது பாட்டு மாதிரி சின்ன சின்ன பியானோ துண்டுகள். இது 1839ல எழுதுனது, கிளாரா அப்பா துணை இல்லாம பாரிஸ் போயிருந்த வருஷம். அப்பா ஃப்ரீட்ரிக் வீக்தான் அவங்களுக்கு பியானோ சொல்லிக் குடுத்தவர், அவரே ராபர்ட்ட கட்டிக்கக் கூடாதுன்னு நின்னு விஷயம் கோர்ட் வரைக்கும் போச்சு. அதே வருஷம்தான் கிளாரா தன்னோட டைரில, எனக்கு படைக்கற திறமை இருக்குன்னு நினைச்சேன், அந்த நினைப்ப விட்டுட்டேன், பொண்ணு இசை எழுத ஆசைப்படக் கூடாதுன்னு எழுதி வச்சாங்க. அத படிச்சுட்டு ரெண்டாவது ரொமான்ஸ கேட்டா, ஜி மைனர்ல இருக்கறது, எனக்கு தொண்ட அடச்சுக்குது. இத எழுதுன கையா அத எழுதுச்சு!

வயலினுக்கு எழுதுன ஓபஸ் 22ம் இருக்கு, 1853ல யோவாகிம்ங்கற வயலின் கலைஞருக்காக எழுதுனது, இதுல வயலின் எலேனா யூரியோஸ்டே வாசிக்கறாங்க, ரொம்ப இதமா இருக்கு. ஜி மைனர் சொனாட்டா, பல பகுதிகள் உள்ள தனி பியானோ படைப்பு, அத பத்தி கண்டிப்பா சொல்லணும். 1841-42ல எழுதுனது அச்சுல வந்தது 1991ல. நூத்தம்பது வருஷம் கிட்டத்தட்ட! கடைசி பகுதியான ரோண்டோ எனக்கு கொஞ்சம் நீளமா பட்டுச்சு, மொத பகுதி அருமை.

1856ல ராபர்ட் செத்துப் போனதும் கிளாரா ஏழு புள்ளைங்களோட தனியா நின்னு ஊர் ஊரா கச்சேரி பண்ணுனாங்க, பின்னாடி ஃப்ராங்க்ஃபர்ட் கன்சர்வேட்டரில பாடம் எடுத்தாங்க, சொந்தமா எழுதறது ஏறக்குறைய நின்னே போச்சு. அதனால இந்த ஆல்பத்துல இருக்கறது பெரும்பாலும் 35 வயசுக்குள்ள எழுதுனது.

வீட்ல பியானோ கத்துக்கற புள்ளைங்க இருந்தா அந்த ஜி மைனர் ரொமான்ஸ மொதல்ல போட்டு காட்டுங்க, எழுதறப்ப கிளாராவுக்கு வயசு பத்தொம்பது இருபதுதான்னு சொல்லிட்டு போடுங்க. கன்செர்ட்டோவுக்கு நல்ல ஹெட்போன் வேணும், அந்த செல்லோ உள்ள வர எடம் ஃபோன் ஸ்பீக்கர்ல சரியா கேக்காது.