கரடிப்போக்குக் கடையில் இரண்டு பெயர் எழுதிய போத்தல்கள்

பூநகரியில் அம்மாவின் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை ஏறிவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராது. போன ஆண்டு ஒரு கடையில் "எலுமிச்சை உப்பு" கேட்டேன். பொலித்தீன் பையில் வெள்ளைத் தூளை முடிந்து தந்தார்கள். பெயரும் இல்லை, திகதியும் இல்லை. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கே அது இன்னதென்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் என்னை வம்புக்காரி என்று நினைத்திருக்கலாம். ஆனால் நம் கடைகளில் எலுமிச்சை உப்பு என்பது சித்திரிக்கமிலம். உப்பே அல்ல, அமிலம். பளிங்காக இருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பழைய ஆங்கில மருந்துக்கடைகளிலோ இதே பெயரில் விற்றது பொற்றாசியம் ஐதரசன் ஒட்சலேற்று. எலுமிச்சைக்கும் அதற்கும் உறவே இல்லை. புளியாரை இனச் செடிகளின் சாற்றிலிருந்து எடுத்தார்கள், மைக்கறையும் துருக்கறையும் போக்கினார்கள். விழுங்கினால் நஞ்சு. ஒரே பெயரில் ஒன்று சர்பத்துக்குப் போகிறது, மற்றது உயிரைக் குடிக்கிறது.

இதனால்தான் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்கு அருகே உள்ள இந்தச் சிறிய கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு போத்தலிலும் மேலே சனங்கள் கேட்கும் பெயர், அதன் கீழே இரசாயனப் பெயர், பிறகு சூத்திரம். உண்ணக் கூடாதவற்றில் சிவப்பு மையில் "வாயில் வைக்காதீர்கள்". எல்லாம் கடைக்கார ஐயாவின் கையெழுத்து. இளமையில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது.

"அங்கே லேபல் இல்லாத போத்தலைத் தொட்டால் மேற்பார்வையாளர் கையிலேயே அடிப்பார், ரீச்சர். அந்தப் பழக்கம் போகவில்லை" என்றார்.

1787 இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியேயும் அவருடைய தோழர்களும் புதிய பெயரிடல் முறையை வெளியிட்டதும் இந்தக் கவலையால்தான். பெயரைக் கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டும். நம் பாடநூலில் "இக்கமிலம்" என்று முடிந்தால் அமிலம், "ஏற்று" என்று முடிந்தால் அதன் உப்பு. ஈயச் சர்க்கரை என்ற பழைய பெயருக்குள் ஒளிந்திருந்தது ஈய அசற்றேற்று. நாவில் இனிக்கும், உடலில் நஞ்சாகும். பழைய பெயர்கள் எனக்குப் பிடிக்கும். காடி என்ற சொல்லிலேயே வாய் புளிக்கிறது. அவற்றை அழிக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் மற்றப் பெயரும் நிற்கட்டும் என்கிறேன்.

நூறு கிராம் சித்திரிக்கமிலம் 180 ரூபாவுக்கு வாங்கினேன். கேத்தலில் பாதித் தண்ணீரைச் சூடாக்கி இரண்டு தேக்கரண்டி போட்டதும் அடியிலிருந்து நுரை கிளம்பியது. கல்சியம் காபனேற்றுக் கரைந்து காபனீரொட்சைட்டு வெளியேறும் நுரை. அரை மணி நேரத்தில் படை தகடு தகடாகக் கழன்று வந்தது. அம்மா உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "புதுக் கேத்தல் மாதிரி" என்றார்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். துரு நீக்கப் பயன்படும், விழுங்கினால் நஞ்சாகும் ஒட்சாலிக்கமிலப் போத்தல் சித்திரிக்கமிலத்துக்கு அடுத்ததாக, அதே தட்டில் இருந்தது. இரண்டும் வெள்ளைப் பளிங்கு. லேபல் சரியாக இருந்தாலும் அவசரத்தில் கை மாறிவிடும். சொன்னேன். ஐயா மறுபேச்சுப் பேசாமல் முக்காலியில் ஏறி, அதை எடுத்து உச்சித் தட்டில், துரு நீக்கிகளோடு வைத்தார்.

மதியம் ஒரு மணி முதல் மூன்று வரை கடை பூட்டியிருக்கும். சிறிய அளவில் வாங்குபவர்கள் மூடியுள்ள போத்தல் கொண்டு போங்கள். அதற்கும் லேபல் எழுதித் தருவார்.